பதினேழாம் எண் நிறுத்தம்

முபீனாவுக்குப் பத்தாயிரம் அடி.
மருத்துவர் சொன்ன கணக்கு.
எனக்குக் கணக்கில்லை,
நின்று நின்று போகிறவள்.

துபாய், முஷ்ரிஃப் பூங்கா.
மார்ச் கடைசிச் சனிக்கிழமை, காலை ஆறே கால்.
நீர்தெளிப்பான் நனைத்த வட்டத்துக்குள்
கொண்டலாத்தி ஒன்று
தையல் எந்திரத்து ஊசிபோலப்
புல்லைக் குத்திக் குத்தி நகர்கிறது.
ஓரம் அடித்து முடியும்வரை பார்க்கலாம் என்றால்
“நட புள்ள” என்கிறாள் முபீனா,
“நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கும் இந்த வாட்ச்.”

இங்கே காஃப் என்கிறார்கள்.
நம் வன்னிதான்,
விஜயதசமிக்கு அம்பு வாங்குகிற அதே மரம்.
பலகையில் அதற்கு அரபியில் ஒரு பெயர்,
ஆங்கிலத்தில் ஒன்று.
மூன்றாவதை நான் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்
ஒவ்வொரு மரத்துக்கும்.
புதருக்குள் கௌதாரி கத்துகிறது,
எண்ணெய் காணாத அடிபம்பு.
பாதி கறுத்துப் பாதி கறுக்காத தேன்சிட்டு,
சாயம் போதாமல் விட்ட மாதிரி.

விளக்குக் கம்பத்து வயரில்
பதினோரு பஞ்சுருட்டான்கள்.
நேற்று இல்லை, நாளை இருக்காது.
இதைப் பார்த்ததும் நம்மைப் பற்றிச் சொல்லத் தோன்றும்:
விசா, முப்பது கிலோ, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.
இன்றைக்கு வேண்டாம்.
பஞ்சுருட்டான் பஞ்சுருட்டானாகவே இருக்கட்டும்.
பிடித்த தேனீயை வயரில் தேய்த்து
கொடுக்கை எடுத்துவிட்டுத் தின்னட்டும்.

கேமராவைத் தூக்கியதும்
காவலாளி வந்துவிட்டார்.
எதை எடுக்கிறாய், குடும்பங்கள் வருகிற இடம்.
திரையைக் காட்டினேன்.
பச்சை, நீலம், கழுத்தில் மஞ்சள்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, ரகசியம் சொல்கிற இந்தியில், “வாங்க.”
சட்டையில் பெயர்: டேக் பகதூர்.

வண்டி நிறுத்துமிடம். சரளைக்கல் தரை.
பதினேழாம் எண்ணில்
வண்டிக்குப் பதில் மூன்று ஆரஞ்சுக் கூம்புகள்.
நடுவே ஒன்றுமில்லை என்றாள் முபீனா.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
கற்களில் நான்கு
கற்களில்லை என்று தெரியும்வரை.

அதற்குள் அது எங்கள் தலைக்குமேல்.
ஆள்காட்டி.
மூக்கோரம் சிவப்பு, நீண்ட மஞ்சள் கால்,
பூங்கா முழுக்கக் கேட்கிற வசவு.
கொஞ்சம் பின்வாங்கினோம்.
பின்வாங்கியதும் அது
ஒழுகுகிற குழாயடிக்குப் போய்
வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து
முட்டைமேல் ஈரத்தோடு உட்கார்ந்தது.
“ஒரு நாளைக்கு முப்பது தடவை” என்றார் பகதூர்.
எண்ணியிருக்கிறார்.
பன்னிரண்டு மணி நேர வேலை.

வெள்ளை லேண்ட் குரூசர் ஒன்று
நிழலைக் குறிவைத்துத் திரும்பியது.
பகதூர் கையை உயர்த்தினார்.
கந்தூரா அணிந்த இளைஞன் கண்ணாடியை இறக்கி
கூம்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
கடைசியில் அதைப் பார்த்தான்.
இன்ஜினை அணைத்துவிட்டு
இரண்டு நிமிடம் அப்படியே இருந்தான்.
பிறகு வெயிலில் போய் நிறுத்தினான்.

முபீனாவின் மணிக்கட்டு அதிர்ந்தது.
எழுந்து நட என்கிறது வாட்ச்.
கழற்றிக் கைப்பையில் போட்டாள்.
அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான்.

அடுத்த இரண்டு வாரம் எனக்கு டூட்டி.
அதற்கடுத்த சனிக்கிழமை போனபோது
பஞ்சுருட்டான்கள் இல்லை.
கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகச்
சுவரோரம் அடுக்கியிருந்தன.
பதினேழில் ஒரு கொரோலா.
பகதூரை வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம்.
புதிய காவலாளி உகாண்டாக்காரர்,
எந்த முட்டை என்றார்.

குனிந்து டயருக்கடியில் பார்த்தேன்.
முபீனாவும் முழங்காலைப் பிடித்தபடி குனிந்தாள்.
ஓடு இல்லை, இறகு இல்லை, ஈரமும் இல்லை.
“வெறும் வயித்துல நூத்துப் பதினெட்டு” என்றாள்,
எதற்கும் சம்பந்தமில்லாமல்.

வன்னிகளுக்கு அப்பால், மணல் தொடங்குகிற இடத்தில்
அந்தக் குரல் திடீரென்று
எங்களைக் காட்டிக்கொடுத்தது.
யாரிடம் என்றுதான்
தெரியவில்லை.